ஆரஞ்சு ஸ்லைடரும் அத்தையின் மூக்குத்தியும்

எங்கள் குடும்பத்தில் விசேஷம் என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் நான். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. அதுவும் கடைசிப் பந்தியில். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் “போட்டோ எப்ப வரும்?” என்று ஆரம்பித்துவிடும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று, படங்களை அனுப்பிய பிறகு தனியாக வருகிற போன். “எல்லாப் படமும் நல்லாத்தான் இருக்கு. என்னை மட்டும் கொஞ்சம் வெளுப்பா பண்ணிக் குடுத்துடேன்.” பெரியம்மா கேட்பார், மச்சினி கேட்பாள், மீசை நரைத்த மாமா ஒருவர்கூடக் கேட்டிருக்கிறார். கெஞ்சலாகவும் இருக்காது, அதட்டலாகவும் இருக்காது. போகிற போக்கில், காபிக்கு இன்னும் அரை ஸ்பூன் சர்க்கரை போடு என்பதைப்போல இயல்பாகக் கேட்பார்கள்.

நீண்ட நாள் என் பதில் ஒன்றுதான்: முடியாது. கூடவே நம் நிறத்துக்கு என்ன குறைச்சல் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் இலவசமாக உண்டு. அந்தப் பதிலில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் என் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று குடைந்துகொண்டே போனதில்தான் எடிட்டிங்கில் பாதியைக் கற்றுக்கொண்டேன்.

எடிட்டிங் கற்க வேண்டும் என்று திட்டம் போட்டு உட்காரவில்லை. செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி5300 ஒன்று வாங்கினேன். கூடவே 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், கல்யாண மண்டப வெளிச்சத்துக்கு அது இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஆரம்பத்தில் ஜேபெக்கில்தான் எடுத்தேன். நிறம், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்து, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தருகிற படம் அது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். அதே கேமராவை, எதையும் தூக்கிப் போடாமல் அப்படியே பதிந்து தருகிற ரா ஃபைலில் 14 பிட்டுக்கு வைத்தால் 16,384 படிகள். இந்த எண்ணிக்கை வெறும் காகிதக் கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். தூணுக்குப் பின்னால் நிழலில் நின்ற ஒருவரின் முகத்தை ஜேபெக்கில் வெளிச்சமாக்கிப் பார்த்தால் கன்னம் பட்டை பட்டையாகப் பிரிந்து, தோல் சேறாகத் தெரியும். ரா ஃபைலில் அதே வேலையைச் செய்தால் புருவம் தெரியும், கண்ணுக்குள் இருக்கிற பழுப்பு தெரியும். அதைப் பார்த்த பிறகு ஜேபெக் பக்கம் போக மனம் வரவில்லை.

மென்பொருள் கதை சுருக்கமானது. லைட்ரூம் என்கிற எடிட்டிங் மென்பொருள் இப்போது சந்தாவில்தான் கிடைக்கும். ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் வசதி 2015-இல் வந்த ஆறாம் பதிப்போடு முடிந்தது. மாமன் மச்சான் கல்யாணத்தைச் சும்மா எடுத்துக் கொடுப்பவன் மாதாமாதம் பணம் கட்டுவானேன் என்று டார்க்டேபிள் பக்கம் ஒதுங்கினேன். முழுக்க இலவசம், ஆனால் திறந்ததும் தலை சுற்றும். ஃபில்மிக் ஆர்ஜிபி, டோன் ஈக்வலைசர், கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி என்று பெயர்களைப் பார்த்தாலே மூடிவிடத் தோன்றும். போனில் ஸ்நாப்சீட் போதுமே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு படத்துக்கு அது போதும். ஒரு கல்யாணத்துக்குப் போதாது.

சாமியானாவுக்குக் கீழே

யூடியூபில் எடிட்டிங் சொல்லிக்கொடுப்பவர்களின் வீட்டில் சுவரெல்லாம் வெள்ளை. பெரிய ஜன்னல், மெல்லிய திரை, அதன் பக்கத்தில் ஒரு பெண் அமைதியாக உட்கார்ந்திருப்பாள். நமக்கு வாய்ப்பது அப்படியா? மத்தியான வெயிலில் வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா கட்டியிருப்பார்கள். வெயில் அந்தத் துணி வழியாக இறங்கும்போது சிவப்புப் பட்டைக்குக் கீழே நிற்கிறவர் சிவப்பு, பக்கத்தில் நிற்கிறவர் மஞ்சள். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிகட்டுகிற ஒயிட் பேலன்ஸை ஒருவருக்குச் சரி செய்தால் இன்னொருவருக்குக் காமாலை வந்துவிடும். வீட்டுக்குள் போனால் கிளிப்பச்சை டிஸ்டெம்பர். ஃப்ளாஷை நேராக அடிக்காமல் சுவரில் அடித்துத் திருப்பு, வெளிச்சம் மென்மையாக வரும் என்று படித்துவிட்டு அந்தச் சுவரில் அடித்தால், சீமந்தத்துக்கு உட்கார்ந்திருக்கிற பெண் பச்சையாகத் தெரிவாள். பூஜையறையில் குத்துவிளக்கு ஒரு நிறம், மேலே எல்இடி பல்பு ஒரு நிறம், ஜன்னலில் வானம் ஒரு நிறம். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற கெல்வின் கணக்கில் விளக்குச் சுடர் 2,000-க்குப் பக்கத்தில் இருக்கும், வெளியே பகல் வெளிச்சம் 5,500. இரண்டையும் ஒரே ஸ்லைடரில் கட்டிப்போட வழியே கிடையாது.

சுவர் நல்லதும் செய்யும். எங்கள் கடலூரிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருக்கிற புதுச்சேரிக்கு ஒயிட் டவுன் பக்கம் போய்ப் பாருங்கள், காலை நேரத்தில் தெருவுக்குத் தெரு கல்யாண ஜோடிகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பின்னணி அழகு என்பதுதான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம். தெருவின் ஒரு பக்கம் நிழல், எதிர்ப்பக்கத்து மஞ்சள் சுவரில் வெயில். அந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் நிழலில் நிற்பவர் முகத்தில் இளஞ்சூடாக, பரவலாக விழும். மாநிறத்துக்கும் கருப்புக்கும் அதைவிட நல்ல வெளிச்சம் கடையில் வாங்கினாலும் கிடைக்காது. அங்கே எடுத்த படங்களில் யாரும் என்னிடம் வெளுப்பாக்கச் சொன்னதில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

எட்டு நிறத்தில் ஒன்று

வெளுப்பாக்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக அந்த ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். ரகசியமே இல்லை, எந்த ஸ்டூடியோப் பையனைக் கேட்டாலும் சொல்வான். லைட்ரூமில் நிறங்களை எட்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று போகும். அதில் ஆரஞ்சுக்கு உரிய லூமினன்ஸ், அதாவது வெளிச்ச அளவு, ஸ்லைடரை வலது பக்கம் நகர்த்தினால் போதும். படத்தில் இருக்கிற அத்தனை முகமும் ஒரே நொடியில் வெளுத்துவிடும். டார்க்டேபிளில் இதே வேலையைக் கலர் ஜோன்ஸ் என்கிற மாட்யூலில் ஒரு வளைகோட்டை இழுத்துச் செய்யலாம்.

ஏன் ஆரஞ்சு என்று கேட்டால், அங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. மனிதத் தோல் கருப்போ வெளுப்போ, அதன் அடிப்படை நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு வட்டாரத்திலேயே விழுகிறது. மாறுவதெல்லாம் அது எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதுதான். வீடியோ எடிட் செய்பவர்கள் வெக்டர்ஸ்கோப் என்று ஒரு வட்டப் படத்தைப் பார்ப்பார்கள். அதில் தோலுக்கென்று போட்டிருப்பது ஒரே ஒரு கோடு. நார்வேக்காரர் முகமும் நெய்வேலிக்காரர் முகமும் அந்தக் கோட்டை ஒட்டியேதான் விழும். ஒரே ஸ்லைடர் எல்லோரையும் வெளுப்பாக்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நம் வீட்டு விசேஷத்தில் ஆரஞ்சு வட்டாரத்தில் தோல் மட்டுமா இருக்கிறது? தங்கம் இருக்கிறது. பூசிய மஞ்சள், சந்தனம், சாமந்தி மாலை, பந்தியில் ஜிலேபி, தாலிச் சரடு எல்லாம் அங்கேதான். ஸ்லைடரை இழுத்தால் இத்தனையும் சேர்ந்தே வெளுக்கும். நாலு பவுன் ஆரம் தகரத்தில் செய்ததுபோல ஆகிவிடும். மஞ்சள் பூசிய கன்னத்தில் அந்த மஞ்சள் இருந்த இடம் தெரியாது. கடைகளில் செய்து தருகிற ஆல்பங்கள் சிலவற்றில் மணப்பெண் முகம் பூசணிக்காய்ச் சதைபோல வழவழவென்று இருந்து, கழுத்திலிருக்கிற நகை மட்டும் ஏதோ வாடகை நகைபோலத் தெரிவது இதனால்தான். நகைக்காக இத்தனை யோசிக்கிற குடும்பங்கள் அந்த ஆல்பத்தைப் பார்த்து எப்படிச் சும்மா இருக்கின்றன என்பது எனக்கு இன்னும் புரியாத புதிர்.

திருவந்திபுரம் மலைமேல்

கடலூர்க்காரர்களுக்குத் திருவந்திபுரம் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் மலைமேல் ஒரே நேரத்தில் எத்தனை தாலி ஏறுகிறது என்று எண்ண முடியாது. பக்கத்து ஜோடிக்கு அடிக்கிற கெட்டிமேளத்துக்கு நம் ஆட்கள் அட்சதை போட்டுவிடுவார்கள். அத்தை வீட்டுப் பேத்தி கல்யாணம் அங்கேதான் நடந்தது. நான் எடுத்த படங்களில் முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளை வீட்டார் எங்கள் குடும்பத்தைவிட அதிகமாக இருக்கிறார்கள்.

இடம் நெருக்கடி, வெளிச்சம் அதைவிட மோசம். மண்டபத்துக்குள் நிழல். பின்னால் திறந்தவெளி, அதில் வெளுத்த வானம். நடுவில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி. அத்தை மணமக்களுக்குப் பக்கத்தில், வானத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். எங்கள் வீட்டிலேயே நல்ல கருப்பு அவர்தான். எழுபது வயதைத் தாண்டியவர், அரக்குப் பட்டு, மூக்கில் அந்தக் காலத்து எட்டுக்கல் பேசரி. படத்தை எடுக்கும்போதே பின்னால் இருக்கிற வானத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவே மூன்று ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம் இருந்தது. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு. அதாவது வானத்தின் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குகூட அவர் முகத்தில் இல்லை. கேமரா வானத்தையும் வேட்டியையும் காப்பாற்றிவிட்டது.

சில நாள் கழித்து அத்தை மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். லேப்டாப்பைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். இந்தப் படம் வந்தது. எதையோ கேட்கப் போகிறார் என்று தெரிந்தது, என் பிரசங்கத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

“என் மூக்குத்தி எங்கடா?”

நான் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்தது. “கண்ணு எங்க? அவன் வேட்டி மடிப்புகூடத் தெரியுது. நான்னு புடவையை வச்சுத்தான் கண்டுபுடிக்கணும்போல இருக்கு.”

என் கையில் இருந்த பிரசங்கம் இந்தக் கேள்விக்கு உதவாது. நிறத்தை மாற்றிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. படத்தில் தான் இல்லை என்று புகார் சொல்கிறார். சும்மா இருக்க வேண்டாமே என்று, வெளுப்பாக்கினால் எப்படி இருக்கும் என்பதை அவர் முன்னாலேயே செய்து காட்டினேன். ஆரஞ்சை மேலே இழுத்தேன். முகம் சாம்பல் பூத்ததுபோல ஆனது. அரக்குப் பட்டின் ஜரிகை செத்துப்போனது. மூக்குத்தி அப்போதும் வரவில்லை. “பாத்தியா, வெளுப்பா ஆக்கினா மட்டும் மூக்குத்தி வந்துடுமா?” என்றார் அத்தை, ஏதோ நான்தான் அப்படி வாதாடியதுபோல.

வராது. ஏன் வராது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வைரக் கல் மின்னுகிறது என்றால், சுற்றியிருக்கிற இடத்தைவிட அது ரொம்ப வெளிச்சமாக இருக்கிறது என்று அர்த்தம். சுற்றியிருக்கிற கன்னத்தையே வெளுப்பாக்கிவிட்டால் கல் எதை எதிர்த்து மின்னும்? இது மூக்குத்திக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. வெளுத்த தோல் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் நிறைய பங்கை நாலாபக்கமும் சிதறடிக்கும். முகத்தின் மேடுபள்ளத்தை அந்தச் சிதறலே காட்டிவிடும். கருத்த தோல் அதில் பெரும்பங்கை உள்வாங்கிக்கொள்ளும். அதனால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் மேலோட்டமாகப் பட்டுத் திரும்புகிற பளபளப்புதான் முகத்தின் வடிவத்தைச் சொல்லும். அந்தப் பளபளப்புக்குப் பக்கத்தில் கருமை இருந்தே ஆக வேண்டும். கருமையை எடுத்துவிட்டால் வடிவமும் போய்விடும்.

எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு வேறு வழியில் போனேன். மொத்தப் படத்தின் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றினேன். வானம் கொஞ்சம் வெளுத்துப்போனது, போகட்டும், வானத்துக்கு மொய் எழுதவா வந்தோம். பிறகு டோன் ஈக்வலைசர். படத்தை வெளிச்ச அளவுப்படி அடுக்கடுக்காகப் பிரித்து, அடியில் இருக்கிற இருட்டு அடுக்குகளை மட்டும் மேலே தூக்குகிற கருவி அது. தூக்கும்போது ஒரு அடுக்குக்குள் இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசங்களை நசுக்காது, அதுதான் அதன் விசேஷம். மாற்றம் முகத்துக்கு மட்டும் போகட்டும் என்று அத்தையின் முகத்தைச் சுற்றி ஒரு எல்லை, அதாவது மாஸ்க், வரைந்தேன். நிழலைத் தூக்கினால் தோலின் நிறம் தேவைக்கு மேல் அழுத்தமாகி, செங்கல் சிவப்புக்குப் போகும். மாஸ்குக்குள் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அழுத்தத்தை, கொஞ்சம் குறைத்தேன். நிழலில் நிற்பவர் மேல் விழுவது பெரும்பாலும் வானத்தின் நீல வெளிச்சம் என்பதால் முகத்துக்கு மட்டும் கொஞ்சம் சூடு ஏற்றினேன். கடைசியாக, மாஸ்குக்குள்ளேயே கான்ட்ராஸ்டைத் துளி கூட்டினேன். எல்லோரும் முகத்தில் கான்ட்ராஸ்டைக் குறைக்கத்தான் சொல்லிக்கொடுப்பார்கள், தோல் வழவழப்பாகத் தெரியட்டும் என்று. இங்கே அதற்கு நேர் எதிர்.

பேசரியின் கற்கள் தனித்தனியாகத் தெரிந்தன. கண் தெரிந்தது, கண்ணுக்குப் பக்கத்தில் சிரிப்புச் சுருக்கமும் தெரிந்தது. முகம் கருப்பாகத்தான் இருந்தது, நேரில் இருப்பதைப்போல. அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். “ம். சங்கிலியும் தெரியுது. ரெண்டு காப்பி போட்டுக் குடு” என்றார். காப்பி என்றது பிரிண்ட்டை. என் மனைவி டிகாக்‌ஷன் இறக்கக் கிளம்பிவிட்டாள், அது வேறு விஷயம்.

பென்சில் காலத்திலிருந்தே

அதற்குப் பிறகு வெளுப்பாக்கச் சொல்லி வருகிற ஒவ்வொரு போனையும் வேறு காதால் கேட்க ஆரம்பித்தேன். யார் எந்தப் படத்துக்குக் கேட்கிறார்கள் என்று படத்தை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் அந்தப் படத்தில் அவர் முகம் உண்மையிலேயே மூழ்கிப் போயிருந்தது. தவறு நடந்திருப்பது கேமராவின் கணக்கில். வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு எதிரே நிற்பது யார் என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். 18 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் அட்டைதான் பழைய காலத்திலிருந்து அளவுகோல். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணலும் கடலும் பளபளக்க நிற்கிற கூட்டத்தை எடுத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், முகமெல்லாம் கரியாகும். அதே கருத்த முகத்தை ஃப்ரேம் முழுக்க வைத்து எடுத்தால் வெளிச்சத்தைக் கூட்டும், முகம் சாம்பலாகும். கருப்பையும் சாம்பலாக்கும், வெள்ளையையும் சாம்பலாக்கும். முதலாவதுக்கு, மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பிளஸ்ஸிலும், இரண்டாவதுக்கு மைனஸிலும் வைக்க வேண்டும் என்பதைக் கை தானாகச் செய்கிற அளவுக்குப் பழக்கிக்கொண்டேன். எடிட்டிங்கில் பாதி வேலை அங்கேயே குறைந்துவிட்டது.

ஃபிலிம் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடுகிற லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அவர் தோல் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று பொருள். ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி 2009-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சுவையான தகவல் வரும்: பழுப்பு நிறங்கள் ஃபிலிமில் சரியாக வரவில்லை என்று கோடாக்கை அசைத்ததில் சாக்லேட் கம்பெனிக்காரர்களுக்கும் மர நாற்காலி மேசை விற்றவர்களுக்கும் பங்கு உண்டாம். மனிதர்கள் முகத்துக்காக நடக்காத வேலை சாக்லேட்டுக்காக நடந்திருக்கிறது.

ஆனால் எல்லாப் பழியையும் கேமரா மேல் போட்டுவிட முடியாது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவிலேயே பென்சிலால் டச் செய்கிற வழக்கம் இருந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் என்பதால் கரிக்கோடு விழுந்த இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். கூர் சீவிய பென்சிலால் கருவளையம், அம்மைத் தழும்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாவற்றின் மேலும் பொறுமையாகப் புள்ளி வைத்து, கரியைப் பூசி முகத்தை வெளுப்பாக்குவார்கள். அப்புறம் கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் பூசும்போது கன்னத்துக்கு ரோஸ். அப்படிப்பட்ட பழைய ஸ்டூடியோப் படங்கள் வீட்டுப் பரணில் கிடந்து பூச்சி அரித்துப் போகிற சமயத்தில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி எடுத்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவில் இருக்கும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. இணையத்தில் பார்க்கலாம். எடிட் செய்யாத உண்மையான குடும்பப் படம் என்று முன்பு ஒரு காலம் இருந்தது, போனும் ஃபில்டரும் வந்துதான் கெடுத்துவிட்டன என்கிற பேச்சு இதையெல்லாம் பார்த்தால் நிற்காது. எங்கள் தாத்தா படத்தில் அவர் இருக்கிற நிறத்தில் எங்கள் குடும்பத்தில் யாருமே கிடையாது.

இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது பிரிண்ட் போடப் போனபோது தெரிந்தது. அத்தையின் படத்தைப் புதுச்சேரியில் ஒரு லேபில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தால் முகம் நான் அனுப்பியதைவிட வெளுப்பு, மூக்குத்தி மறுபடி காணாமல் போயிருந்தது. மெஷினில் உட்காருகிறவர் ஒவ்வொரு படத்தையும் ஒரு பார்வை பார்த்து, டென்சிட்டி, சயான், மெஜந்தா, மஞ்சள் என்று நாலு சாவிகளைத் தட்டிக்கொண்டே போவார். அந்த வேகத்தில் அத்தைக்கும் டென்சிட்டி, அதாவது பிரிண்ட்டின் கருமை, குறைந்துவிட்டது. கரெக்‌ஷன் இல்லாமல் போடுங்கள் என்றேன். “போட்டுத் தரேன் சார். கருப்பா வந்தா கஸ்டமர் திருப்பிக் குடுத்துடுறாங்க, அதான்” என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்கிறவர்கள் அனுப்புகிற படமெல்லாம் பிரிண்டில் இருட்டாகத்தான் வரும், திட்டு அவருக்குத்தான். நான் இப்போது திரை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, பக்கத்தில் ஒரு பழைய பிரிண்ட்டை வைத்து ஒப்பிட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். இரண்டாவது பிரிண்ட் சரியாக வந்தது.

மூஞ்சி யாருடையது

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. அண்ணன் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். போட்டோ எடுக்க வேறு ஆள் தேட வேண்டியதில்லையே, என்னைக் கூப்பிட்டார்கள். மாடிப்படி வளைவில், வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிற இடத்தில் உட்காரவைத்து எடுத்தேன். மாநிறம், களையான முகம், கன்னத்தில் மச்சம். நான் எடுத்ததிலேயே நல்ல முகப்படம் அது என்று இப்போதும் சொல்வேன். அண்ணி பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு தம்பி, ஆனா வர்றவங்க போட்டோவைத்தானே முதல்ல பாக்குறாங்க” என்று இழுத்தார். அவர் சொல்ல வந்தது புரிந்தது. முகம் மூழ்கவில்லை, கண் தெரிகிறது, கம்மல் தெரிகிறது. இங்கே கேட்பது வெறும் வெளுப்புத்தான். இதற்கு என் பழைய பதில் இருக்கிறது. சொன்னேன். அண்ணி ஒன்றும் பேசவில்லை.

அந்த வாரமே அண்ணன் மகளின் வாட்ஸ்அப்பில் அதே படம், போன் ஆப்பில் போட்டு வெளுத்து, மச்சம் போய், தாடை ஒட்டிப்போய் வந்திருந்தது. அண்ணிதான் செய்திருப்பார் என்று நினைத்தேன். அவளே செய்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். “சித்தப்பா, நீங்க எடுத்தது சூப்பர். பிரேம் போட்டு மாட்டிக்கப் போறேன். ஆனா இந்தப் படம் போற இடத்துல உக்காந்து பாக்குறவங்க நீங்க இல்ல. அவங்க நூறு போட்டோவுல ஒண்ணைத் தள்ளிவிடுறதுக்கு ஒரு செகண்டுகூட ஆகாது. கொள்கை உங்களோடது, மூஞ்சி என்னோடது” என்றாள். கோபமில்லாமல் சொன்னாள், அதனால் எனக்குத்தான் பதில் சொல்லச் சிரமமாக இருந்தது.

வெளுப்பாக்குவது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தப்பின் விலையை ஒவ்வொரு தடவையும் கட்டப் போகிறவள் அவள், நான் அல்ல. ஜாதகப் பரிவர்த்தனையில் நிறம் கேட்கிற ஊரில், வெளுப்பாக்க மாட்டேன் என்று நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சொல்வதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை. அதற்காக நானே ஆரஞ்சை இழுத்துக் கொடுக்கவும் மாட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாகத்தான் தோன்றுகின்றன, எதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. என் மனைவியிடம் கேட்டால், “உங்களை யாராவது கலர் பாத்துத் தள்ளிவிட்டிருக்காங்களா?” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள்.

வரன் அமைந்துவிட்டது. ஃபில்டர் படத்தால் அல்ல, பெரியப்பா வழியில் தெரிந்த குடும்பம். எந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வெளியே ஆள் பேசியிருக்கிறார்கள், கேண்டிட், டிரோன் எல்லாம் உண்டு. நலங்கும் பந்தக்காலும் மட்டும் என் பொறுப்பு. அதற்கு அண்ணன் மகள் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். ஆரஞ்சைத் தொட வேண்டாம், மச்சம் இருக்கட்டும், பரு வந்தால் எடுத்துவிடலாம், கண்ணுக்குக் கீழே கருவளையத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும். ரீடச் செய்கிறவர்கள் பலரும் வைத்திருக்கிற ஒரு விதி எனக்கும் உண்டு: இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுகிற எதையும் எடுக்கலாம், நிரந்தரமாக இருப்பதைத் தொடக் கூடாது. பரு அதில் அடங்கும், மச்சம் அடங்காது. கருவளையம் நைட் ஷிஃப்டால் வந்தது, கல்யாண லீவு போட்டதும் போய்விடும் என்கிறாள் அவள். அது எங்கள் அம்மா வழியில் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கே இருக்கிறது என்கிறேன் நான். கல்யாணம் தை மாதம். அதற்குள் பேசி முடிக்க வேண்டும்.